பரணில் ஒளித்த வானொலிக் கருவி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: நாஜி ஆட்சிக் காலத்தைக் களமாகக் கொண்ட உளவு நாவல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் படித்திருக்கிறீர்கள்; அதே பாணியில் தமிழில் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள்; உங்கள் நாயகி 1942-இல் பெர்லினில் ஓர் அமைச்சகத்தில் தட்டச்சராக வேலை பார்க்கிறாள், நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் அதிகாரி ஒருவனைக் காதலிப்பதுபோல் நடித்து இரகசியங்களைக் கறக்கிறாள், அவற்றைப் பரணில் ஒளித்துவைத்த வானொலிக் கருவி வழியாக லண்டனுக்கு அனுப்புகிறாள். இப்படிப்பட்ட பெண்கள் உண்மையிலேயே இருந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஐயம் முழுவதும் கேள்வியின் கடைசி வரியில்தான் இருக்கிறது: அந்த ஆட்சிக்குள்ளேயே குடியிருந்த ஒரு சாதாரணப் பெண்ணால் இதையெல்லாம் செய்திருக்க முடியுமா? முதல் கேள்விக்கு 'இருந்தார்கள்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆய்வுப் பட்டத்துக்காக ஜெர்மன் மொழி கற்று, பெர்லினில் தங்கி, அக்கால வழக்குக் கோப்புகளைப் படித்திருக்கிறேன். ரஷ்ய ஆவணங்களை மொழிபெயர்ப்பில் மட்டுமே அறிவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் அது சிறிய குறை ஆகாது. இன்னொரு குறை எனக்கு மட்டுமன்றி இத்துறையில் எழுதும் எல்லோருக்கும் உண்டு. இந்தப் பெண்களைப் பற்றி எஞ்சியிருக்கும் தாள்களில் பெரும்பகுதி அவர்களைப் பிடித்தவர்களும் விசாரித்தவர்களும் எழுதியவை. விசாரணை அதிகாரி தன் பதவி உயர்வுக்காக வழக்கைப் பெரிதாக்கிக் காட்டுவான். கைதி தன் நண்பர்களைக் காப்பாற்ற அதைச் சிறிதாக்கிக் காட்டுவாள். இரண்டு பொய்களுக்கும் நடுவே எங்கோ இருப்பதைத்தான் நாம் வரலாறு என்று படிக்கிறோம்.

நாவல்கள் செய்யும் முதல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வெளியிலிருந்து அனுப்பப்பட்ட பெண்களையும் உள்ளேயே வாழ்ந்த பெண்களையும் அவை ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகின்றன. பெட்டிக்குள் அடங்கும் வானொலிக் கருவி, பாராசூட், போலி அடையாள அட்டை, சங்கேதப் பெயர் ஆகியவை பிரிட்டனின் சிறப்புச் செயற்பாட்டு அமைப்பு ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்கு அனுப்பிய முகவர்களுக்கு உரியவை. அதன் பிரெஞ்சுப் பிரிவு பிரான்ஸுக்கு அனுப்பிய பெண்கள் 39 பேர். அங்கே அவர்களுக்கு ஒரு சாதகம் இருந்தது: சுற்றியிருந்தவர்களில் பலர் ஜெர்மானியரை வெறுத்தார்கள், உதவி செய்யாவிட்டாலும் கண்டும் காணாமல் இருந்தார்கள். பெர்லினில் வாழ்ந்த ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு அந்தச் சாதகம் கிடையாது. அவள் மாடிப்படியில் தினம் வணக்கம் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியின் மகன் கிழக்குப் போர்முனையில் இருக்கிறான்.

அனுப்பப்பட்ட பெண்களில் நம் வாசகர்களுக்கு ஓரளவு அறிமுகமானவர் நூர் இனாயத் கான். மாஸ்கோவில் 1914-இல் பிறந்தவர். தந்தை வழியில் திப்பு சுல்தானின் வழித்தோன்றல். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தார்கள் என்பதால் இந்தக் கதையின் ஒரு நுனி நம் ஊரையும் தொடுகிறது. 1943 ஜூன் மாதம் பிரான்ஸில் இறங்கிய நூர், வானொலிக் கருவியை இயக்கிச் செய்தி அனுப்ப அங்கு அனுப்பப்பட்ட முதல் பெண். அதே ஆண்டு அக்டோபரில் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார் என்பதும், ஜெர்மானியர் அவருடைய கருவியைக் கொண்டு அவரைப் போலவே லண்டனுடன் பேசினார்கள் என்பதும், அதை நம்பி அனுப்பப்பட்ட முகவர்கள் நேரே கெஸ்டபோவின் கைகளில் இறங்கினார்கள் என்பதும் உறுதியான செய்திகள். அப்படி வந்து இறங்கியவர்களில் ஒருவர் மாட்லீன் டமர்மான். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கவ் வதைமுகாமில் நூருடன் சேர்த்துச் சுடப்பட்ட மூன்று பெண்களில் அவரும் ஒருவர். நூரின் கடைசிச் சொல் 'விடுதலை' என்பதாகப் பல நூல்களில் வருகிறதே, அதை நான் உறுதி என்று சொல்ல மாட்டேன். அந்த இறுதி நிமிடங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை காவலர்கள் வழியாகவும் பிறர் வழியாகவும் கைமாறி வந்த சொற்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இனி உள்ளே வாழ்ந்தவர்கள். உங்கள் தட்டச்சருக்கு மிக அருகில் வருபவர் இல்ஸ ஷ்டோபெ. 1911-இல் பெர்லினில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தின் புகழ்பெற்ற நாளிதழாசிரியர் ஒருவரிடம் செயலாளராக வேலை பார்த்துப் பத்திரிகையாளர் ஆனவர். சோவியத் இராணுவ உளவுத்துறைக்கு அவர் 'ஆல்ட்டா'. வார்சாவில் செய்தியாளராக இருந்தபோது பழக்கமான ருடோல்ஃப் ஃபான் ஷெலீஹா என்ற தூதரக அதிகாரி பின்னர் பெர்லினில் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்தார். ஷ்டோபெயும் அதே அமைச்சகத்தின் தகவல் பிரிவில் சில காலம் வேலை பார்த்தார். சோவியத் ஒன்றியத்தைத் தாக்கத் திட்டமிடும் ஆணையில் ஹிட்லர் கையெழுத்திட்டது 1940 டிசம்பர் 18 அன்று. பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 29 அன்று, போருக்கான ஆயத்தம் தொடங்கிவிட்டது என்ற செய்தி 'ஆல்ட்டா'விடமிருந்து மாஸ்கோவுக்குப் போய்விட்டது. இதில் பரணும் இல்லை, கருவியும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மனத்தில் இருத்தி, சோவியத் தூதரகத்து ஆளிடம் சேர்ப்பித்தார், அவ்வளவுதான். ஷெலீஹாவுக்குத் தன் தகவல் மாஸ்கோவுக்குத்தான் போகிறது என்று தெரியுமா, பிரிட்டனுக்குப் போகிறது என்று நம்பினாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை.

அந்தத் தகவலால் என்ன பயன் விளைந்தது என்று கேட்டால், உளவு நாவலுக்கும் உளவு வரலாற்றுக்கும் உள்ள பெரிய இடைவெளி தெரியவரும். நாவலில் தாள் கைமாறியதும் போரின் போக்கு மாறுகிறது. உண்மையில் ஸ்டாலின் அதை நம்பவில்லை. விமானப்படை அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஹாரோ ஷூல்ட்ஸ-பாய்சன் அனுப்பிய, தாக்குதல் எந்நேரமும் வரலாம் என்ற எச்சரிக்கை 1941 ஜூன் 17 அன்று மேசைக்கு வந்தபோது, ஸ்டாலின் அதன் மீது அச்சிட முடியாத ஒரு வசவை எழுதி, அவன் தகவல் தருபவன் அல்லன், பொய் பரப்புபவன் என்று குறித்து அனுப்பினார். ஐந்து நாளில் படைகள் எல்லையைக் கடந்தன. போர் தொடங்கியதும் சோவியத் தூதரகம் மூடப்பட்டது. ஷ்டோபெக்கு வழக்கமான தொடர்பு அறுந்தது. உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த செய்தியைக் கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத ஒரு நாவலாசிரியருக்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. ஏனோ ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

வானொலிக் கருவியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷூல்ட்ஸ-பாய்சனையும் பொருளாதார அமைச்சக அதிகாரி அர்வித் ஹார்னாக்கையும் சுற்றி இருந்த பெர்லின் நண்பர் குழுவுக்கு, போருக்குச் சற்று முன் சோவியத் தரப்பு இரண்டு கருவிகளைக் கொடுத்தது. பின்னாளில் கெஸ்டபோவும் இராணுவ உளவுத்துறையும் 'சிவப்பு இசைக்குழு' என்று பொருள்படும் பெயரால் குறித்தவர்களில் இவர்களும் அடங்குவர். அந்தக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்யவே இல்லை. இயக்கக் கற்றுக்கொண்டிருந்த ஹான்ஸ் கோப்பி என்ற இளைஞர், நண்பர்கள் அனைவருக்கும் ஆயிரம் வணக்கம் என்ற சோதனைச் செய்தியை அனுப்ப முடிந்தது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தொடர்பை மீட்க நினைத்த மாஸ்கோ, பிரஸ்ஸல்ஸில் இருந்த தன் முகவருக்கு 1941 ஆகஸ்டில் வானொலி வழியாக ஒரு கட்டளை அனுப்பியது: பெர்லினுக்குப் போய் இன்னின்னாரைப் பார். அந்தச் செய்தியில் பெர்லின் நண்பர்களின் வீட்டு முகவரிகளையே எழுதிவிட்டார்கள். ஜெர்மானியர் அதைப் பதிவுசெய்து வைத்திருந்து, 1942 ஜூலையில் சங்கேதத்தை உடைத்தார்கள். ஆகஸ்ட் இறுதியிலிருந்து சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்கள் கணிசமானோர். ஆகவே உங்கள் நாயகி கருவி ஒன்றை வைத்திருக்கலாம். அது மாஸ்கோ கொடுத்ததாக இருக்கும், பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும். அதைப் பரணில் மட்டும் வைக்க வேண்டாம். விமானத் தாக்குதலில் தீப்பிடிக்காமல் இருக்கக் கூரைக்கடியிலுள்ள பரண்களைக் காலிசெய்ய வேண்டும் என்பது அன்றைய பாதுகாப்பு விதி. அங்கே வந்து எட்டிப் பார்க்கக் கட்டடத்துக்கொரு காவலர் இருந்தார். அந்த வீட்டிலேயே மிக ஆபத்தான இடம் பரண்தான்.

அந்தக் குழுவின் பெண்களைக் கதையாக்கும்போது எல்லோரும் லிபர்டாஸ் ஷூல்ட்ஸ-பாய்சனின் அழகில் மயங்கிவிடுகிறார்கள். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், படித்தவர், பெர்லினில் ஓர் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தவர். அவர் செய்த வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிரச்சார அமைச்சகத்தின் கீழிருந்த ஆவணப்பட மையத்தில் இருந்தபோது, கிழக்கிலிருந்து திரும்பிய படைவீரர்கள் பெருமையாகக் காட்டிய கொலைக் காட்சிகளின் புகைப்படங்களைத் தன் பணியின் பெயரால் வாங்கிச் சேர்த்தார். யார், எங்கே, எப்போது என்று அவர்களிடமே விசாரித்துக் குறித்து வைத்தார். பின்னால் ஒரு நாள் இதற்கெல்லாம் கணக்குக் கேட்கப்படும் என்று நம்பினார். சிரித்த முகத்தோடு அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்த மேசைதான் என் பார்வையில் அவருடைய உளவுக் களம்.

அவர் பிடிபட்ட பிறகு நடந்ததை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் சற்றுத் தடுமாறும். 1942 செப்டம்பரில் ரயிலில் தப்பிச் செல்ல முயன்றபோது கைதானார். விசாரணை அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் அவரிடம் அன்பாகப் பழகினாள். ஆட்சியின் மீது தனக்கும் வெறுப்பு என்று சொன்னாள். வெளியில் உள்ளவர்களுக்குச் செய்தி சொல்கிறேன் என்றாள். தனிமையில் உடைந்துபோயிருந்த லிபர்டாஸ் நம்பினார், பெயர்களைச் சொன்னார். அந்தப் பெண் கெஸ்டபோவின் ஊழியை. தாயாருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், முழுதாக நம்பிய ஒருத்தியே தன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று லிபர்டாஸ் எழுதியிருக்கிறார். டிசம்பர் 22 அன்று, 29 வயதில், ப்ளோட்ஸன்சே சிறையில் கில்லட்டினில் கொல்லப்பட்டார். ஷ்டோபெயும் அதே நாளில் அதே இடத்தில் இறந்தார். உங்கள் கதைத் திட்டத்தில் ஆண் அதிகாரியைப் பெண் உளவாளி பொய்க் காதலால் வீழ்த்துகிறாள். கோப்புகளில் இருப்பதோ ஒரு பெண் கைதியை இன்னொரு பெண் பொய் நட்பால் வீழ்த்திய கதை. தட்டச்சர் பாத்திரத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று நீங்கள் மறுபடி யோசிக்கலாம்.

காதலை ஆயுதமாக்கிய கதைகள் அறவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்பத்தக்கவற்றில் அதிகம் பேசப்படுவது ஆட்சியின் பக்கத்திலிருந்து நடந்தது. முசோலினியின் மருமகனும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான சியானோவின் நாட்குறிப்புகளைக் கண்டுபிடிக்க, ஹில்டெகார்ட் பேட்ஸ் என்ற இளம்பெண்ணை நாஜிக் கட்சியின் உளவுப் பிரிவு அனுப்பியது. அவள் சியானோவிடம் உண்மையாகவே மனத்தைப் பறிகொடுத்தாள், அவரைக் காப்பாற்ற முயன்றாள், முடியவில்லை. 1944 ஜனவரி 11 அன்று வெரோனாவில் அவர் சுடப்பட்டார். மாறாக, பெர்லினில் சலூன் கிட்டி என்ற விடுதி முழுவதும் ஒலிவாங்கிகள் பொருத்தி, பயிற்சி பெற்ற பெண்களை வைத்து விருந்தினரின் இரகசியங்களைப் பதிவுசெய்தார்கள் என்ற புகழ்பெற்ற கதையைச் சற்றுத் தள்ளி வைத்தே பாருங்கள். விடுதி இருந்தது; கீசபிரெக்ட் தெருவில் கட்டடம் கூட இருக்கிறது. ஒட்டுக்கேட்ட கதைக்கு ஆதாரமோ பெரும்பாலும் உளவுத் தலைவர் வால்டர் ஷெல்லன்பெர்க்கின் போருக்குப் பிந்தைய நினைவுக்குறிப்பும், அதை ஊதிப் பெருக்கிய பிற்கால எழுத்துகளும்தான். தன்னைச் சாமர்த்தியசாலியாகக் காட்டிக்கொள்வதில் ஷெல்லன்பெர்க் கஞ்சத்தனம் பார்த்தவர் அல்லர்.

காதல் வேடம் வேறொரு விதத்தில் நடந்திருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1942 மே மாதம் பெர்லினில் 'சோவியத் சொர்க்கம்' என்ற கேலிக் கண்காட்சியை நாஜிகள் நடத்தினார்கள். அதற்குப் பதிலடியாக 'நாஜி சொர்க்கம்: போர், பசி, பொய், கெஸ்டபோ; இன்னும் எத்தனை நாள்?' என்ற வாசகத்தைச் சிறு ஒட்டுத்தாள்களில் அச்சிட்டு, ஒரே இரவில் நகரெங்கும் ஒட்டினார்கள் இந்தக் குழுவினர். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் இருவராகப் போனார்கள். யாராவது வந்தால் சுவரில் சாய்ந்து தழுவிக்கொள்ளும் காதலர்கள். போனதும் ஒரு தாள் சுவரில் ஏறும். அப்படிப் போனவர்களில் ஒருத்தி லியானே பெர்கோவிட்ஸ், அப்போது அவளுக்கு வயது 18. சிறையில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கருணை மனுவை ஹிட்லர் நிராகரித்தார். 1943 ஆகஸ்ட் 5 அன்று அவளைக் கொன்றார்கள். சிறையில் மகனைப் பெற்றெடுத்த ஹில்டே கோப்பியையும், 22 வயதுக் காட்டோ போண்ட்யெஸ் ஃபான் பேக்கையும் அதே மாலையில்தான் கொன்றார்கள். ஒட்டுத்தாளுக்காக உயிர் போகுமா என்று உங்கள் வாசகர் கேட்பார். போனது என்பதே பதில்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு சாதாரணப் பெண்ணால் முடியுமா என்பது, அவளைச் சுற்றி இருந்த கண்கள் எத்தகையவை என்பதைப் பொறுத்தது. தோல் மேலங்கி அணிந்த கெஸ்டபோ ஆள் ஒவ்வொரு மூலையிலும் நிற்பதாக எழுதுவது நாவல்களின் வழக்கம். ஆய்வுகள் காட்டும் எண்கள் வேறு: 1937-இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வாழ்ந்த டூசல்டார்ஃப் நகரில் கெஸ்டபோ அதிகாரிகள் 126 பேர்தான். இவ்வளவு சிலரால் ஒரு நகரைக் கட்டுப்படுத்த முடிந்ததற்குக் காரணம், மக்களே வந்து புகார் கொடுத்ததுதான். அந்த நகரத்துக் கோப்புகளை வைத்து, டெல்லியைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வந்தனா ஜோஷி, பெண்கள் கொடுத்த புகார்களை மட்டும் ஆராய்ந்து 2003-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மனைவி கணவனைக் காட்டிக்கொடுக்கிறாள், மருமகள் மாமியாரை, அடுத்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்காரியை. அரசியல் வெறி கொஞ்சம்தான். அடிக்கிற கணவனிடமிருந்து விடுபட ஆட்சியை ஒரு கருவியாகப் பயன்படுத்திய பெண்களும் உண்டு. இந்தியப் பெண்மணி ஒருவர் எழுதிய இந்த ஆய்வை நம் வாசகர்கள் அதிகம் அறியாமல் இருப்பது எனக்கு ஒரு மனக்குறை.

ஆகவே உங்கள் நாயகிக்கு அச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை மாற்றி யோசியுங்கள். 1939 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டு வானொலி கேட்பதே குற்றம், பி.பி.சி. ஒலிபரப்பின் அடையாளமான முரசுச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுவிடுமோ என்று போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்டார்கள். உணவு பங்கீட்டு அட்டையில் வரும்; ஒளித்துவைத்த ஒருவருக்குச் சோறு போட வேண்டுமென்றால் தன் பங்கைக் குறைக்க வேண்டும். வீடு மாறினால் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். கட்சியின் தெருக் கண்காணிப்பாளர் நன்கொடை வசூலிக்க வரும் சாக்கில் வீட்டுக்குள் நோட்டம் விடுவார். தேநீர் கூட ஆபத்துதான்: 1943 செப்டம்பர் 10 அன்று பெர்லினில் எலிசபெத் ஃபான் தாட்டன் என்ற கல்வியாளர் தன் வீட்டில் சிலரைத் தேநீருக்கு அழைத்தார், புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் கனிவாகப் பேசினார், சுவிட்சர்லாந்துக்குக் கடிதம் எடுத்துச் செல்ல முன்வந்தார். அவர் கெஸ்டபோவின் ஆள். ஓராண்டுக்குள் தாட்டன் கொல்லப்பட்டார். அந்த மேசையில் யாரும் எந்த இரகசியத்தையும் திருடவில்லை. போர் தோற்றுவிட்டது என்று மனம்விட்டுப் பேசினார்கள்.

இந்தச் சூழலில் பெண்களுக்கு இருந்த ஒரே பெரிய மறைப்பு, அவர்களை யாரும் பொருட்படுத்தாததுதான். பெண்ணின் இடம் வீடு என்று முழங்கிய ஆட்சி, போர் முற்றியதும் இலட்சக்கணக்கான பெண்களைத் தட்டச்சுக்கும் தொலைபேசி இணைப்பகத்துக்கும் இராணுவ அலுவலகங்களுக்கும் அழைத்தது. ஆனாலும் அவர்களுக்கு மூளை இருப்பதாக நினைக்கவில்லை. பாரிஸில் ஜானீ ரூசோ என்ற மொழிபெயர்ப்பாளர் இதைத்தான் பயன்படுத்தினார். ஜெர்மன் அதிகாரிகள் புதிய ஆயுதத்தைப் பற்றிப் பெருமையடித்தபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கண்ணை விரித்து நம்ப மறுத்தார்; அவரை நம்பவைக்க அவர்கள் வரைபடத்தையே எடுத்துக் காட்டினார்கள். பீனமுண்டே ஏவுகணைத் தளம் பற்றிய அவருடைய 1943 அறிக்கை லண்டனை எட்டியது உறுதி. அதனால்தான் அந்தத் தளம் குண்டுவீசப்பட்டது என்று எழுதுவது மிகை. போலந்து எதிர்ப்பியக்கம் உட்படப் பல வழிகளில் தகவல்கள் வந்துகொண்டிருந்தன. பெர்லினிலோ இன்னும் எளிய உதவிகள் பெரிய காரியம் செய்தன. வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை அமெரிக்கர்களுக்குக் கொடுத்த ஃப்ரிட்ஸ் கோல்பெயை எல்லோருக்கும் தெரியும். அவரை அஞ்சல் தூதராகச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பும் பட்டியலில் சேர்த்தவர் கெர்ட்ரூட் ஃபான் ஹைமர்டிங்கர் என்ற பெண் அலுவலர். ஒரு பெயரைப் பட்டியலில் மேலே ஏற்றியதுதான் அவர் செய்தது. லண்டனுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் உங்கள் தட்டச்சருக்கும் இந்த வழிதான் பொருந்தும்.

நாவல்கள் தொடத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுப் பெண் உளவு பார்த்தால் அது நாட்டுப்பற்று. ஜெர்மன் பெண் அதையே செய்தால் சட்டப்படியும் தெருவின் பார்வையிலும் நாட்டுத் துரோகம். அவள் அனுப்பும் தகவலால் சாகப்போகிறவர்களில் அவளுடைய அண்ணனும் இருக்கலாம். மில்ட்ரெட் ஹார்னாக் அமெரிக்காவில் மில்வாக்கியில் பிறந்தவர், அர்வித்தைக் கைப்பிடித்து ஜெர்மனிக்கு வந்தவர், இலக்கியம் கற்பித்தவர். முதலில் அவருக்கு ஆறாண்டுச் சிறைதான் விதிக்கப்பட்டது. ஹிட்லர் அதை ஏற்க மறுத்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 1943 பிப்ரவரி 16 அன்று தலை துண்டிக்கப்பட்டது. சிறையில் கடைசி நாள்களில் கையிலிருந்த ஜெர்மன் கவிஞர் கெதேயின் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 'இந்த ஜெர்மனியை நான் எவ்வளவு நேசித்தேன்' என்பது கடைசிச் சொல்லாகச் சிறைப் பாதிரியார் வழியாக நமக்கு வந்திருக்கிறது. சாட்சி ஒருவர்தான், ஆனால் தம் உயிரைப் பணயம் வைத்துப் பலருக்கு உதவிய மனிதர் அவர் என்பதால் நான் நம்புகிறேன். அந்த வாக்கியத்தில் உள்ள சிக்கலை விரித்தெழுதினாலே ஒரு நாவலுக்குப் போதும்.

ப்ளோட்ஸன்சேயில் இன்று அந்த மரணக் கூடம் நினைவிடமாக இருக்கிறது; சிறிய செங்கல் கட்டடம், உள்ளே ஓர் இரும்பு உத்தரமும் கொக்கிகளும். தண்டனை நிறைவேற்றிய செலவுக்குக் குடும்பத்தாரிடம் பட்டியல் போட்டுப் பணம் கேட்டார்கள், அதை அனுப்பிய தபால் கட்டணம் 12 ஃபெனிக் வரை சேர்த்து. கொல்லப்பட்ட பெண்களில் பலரின் உடல்களை ஹெர்மன் ஷ்டீவெ என்ற உடற்கூறு நிபுணர் பெண் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர் மிச்சம் வைத்த திசுத் துணுக்குகள் 2019 மே மாதம்தான் பெர்லினில் ஒரு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. உளவு நாவல்களின் நேர்த்தியான சித்திரவதைக் காட்சிகளைவிட இந்த அலுவலகத் தன்மைதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

நாயகியை உயிரோடு விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடலாம், முன்னுதாரணம் உண்டு. கிரேட்டா குக்ஹோஃப் அதே குழுவைச் சேர்ந்தவர், கணவர் கொல்லப்பட்டார், இவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் சிறைத்தண்டனையாகக் குறைந்தது. போர் முடிந்ததும், தங்களைச் சாவுக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் மான்ஃப்ரெட் ரோடர் மீது வேறு இருவருடன் சேர்ந்து புகார் கொடுத்தார். மேற்கு ஜெர்மனியில் அந்த விசாரணை கைவிடப்பட்டது. ரோடர் 1971 வரை நிம்மதியாக வாழ்ந்தார். இந்தப் பெண்களை மாஸ்கோவின் கூலிகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்கு ஜெர்மனியில் கிரேட்டா மத்திய வங்கியின் தலைவரானார். அங்கே அரசு இவர்களை எல்லாம் கட்சியின் வீர ஒற்றர்களாகச் சிலைவடித்துக்கொண்டிருந்தது. தேநீர், நட்பு, தயக்கம், ஒட்டுத்தாள், பழுதான கருவி எல்லாம் நிறைந்த தன் நினைவுகளை அவர் எழுதி 1972-இல் நூலாக வெளியிட்டார். போர்க்காலத் துரோகம் என்று வழங்கப்பட்ட தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் மொத்தமாக ரத்துசெய்தது 2009-இல். இல்ஸ ஷ்டோபெயின் பெயரை வெளியுறவு அமைச்சகம் தன் நினைவுப் பலகையில் சேர்த்தது 2014-இல். கிரேட்டா அதையெல்லாம் பார்க்கவில்லை, 1981-இல் இறந்துவிட்டார்.